கதாநாயகனைப் பற்றி விசாரித்தவள்

எகிப்தின் மன்ஸூரா நகரில் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி பிடிக்கிறவள் ரவ்ஹியா. நாற்பத்து நான்கு வயது, கல்யாணமாகவில்லை. நரம்பைத் தேடி இரண்டு முறை குத்தியதாக அவள் மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை. அதே கூடத்தின் முகப்பு மேசையில் முடிவுகளைத் தட்டச்சு செய்து கொடுக்கிற இப்திஸாம் நான்தான். கல்யாணம் பண்ணி, விவாகரத்தும் வாங்கி, இரண்டையும் முடித்துவிட்டவள்.

கல்யாணத்துக்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் ரத்தம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். இருவரும் ரவ்ஹியா முன்னால்தான் கையை நீட்டுவார்கள். ஊசியைக் கண்டு பயப்படுகிறவனை அவளுக்குப் பிடிக்கும். பயத்தை மறைக்கப் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் எரிந்து விழுகிறவனைக் கண்டால் ஆகாது. இது எப்படியோ ஊரில் பரவி, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் பெண்ணைப் பெற்றவர்கள் அவளையே அனுப்ப ஆரம்பித்தார்கள்.

"வாட்ச்மேன்கிட்டயும் முடிவெட்டுறவன்கிட்டயும் போய்க் கேக்காதீங்க. அவங்க எல்லாரையும் தங்கம்னுதான் சொல்லுவாங்க. இஸ்திரி போடுறவர்கிட்ட கேளுங்க. சட்டை சரியில்லன்னா மனுஷன் எந்த யோசனையும் இல்லாம கத்துற ஒரே ஆளு அவருதான்" என்று தன் வழியை அவர்களுக்கும் சொல்லிக் கொடுப்பாள்.

இப்போது என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். 'பனித்துளி' என்ற புனைபெயரில் இணையத்தில் காதல் தொடர்கதை எழுதுவது என் திருட்டுத் தொழில். என் கதாநாயகன் ஜாஸிருக்கு முப்பது வயது, பன்னிரண்டு கம்பெனி, சிரிப்பே வராது. மலக் என்ற ஏழைப் பெண்ணை அவள் பாதுகாப்புக்காகவே பங்களாவில் பூட்டி வைப்பான். அவள் கைப்பேசியை உடைப்பான், மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பான். இருபதாம் அத்தியாயத்தில் அவன் சின்ன வயதில் தாயை இழந்தவன் என்று தெரிந்ததும் அவளும் அழுது, வாசகிகளும் அழுது, எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும். இந்தச் சமையலுக்கு ஒன்பதாயிரம் பேர் தட்டேந்தி நின்றார்கள்.

ரவ்ஹியாவும் அதில் ஒருத்தி. அவள் எழுதும் கருத்துகள்தான் என் வயிற்றெரிச்சல்.

"இந்த ஜாஸிரைப் பற்றி விசாரித்தேன். கம்பெனி பன்னிரண்டு, ஆனால் ஆபீசுக்கு ஒரு நாளும் போனதில்லை. பெண் தடுக்கி விழும் இடத்தில் எல்லாம் தாங்கிப் பிடிக்கத் தயாராக நிற்கிறான், வேறு வேலையில்லை போலும். பெண்ணுக்கு ஒரு தோழி இருக்கிறாள், அவளுக்கும் வீடு வாசல் கிடையாது, இவள் அழுதால் துடைப்பதே பிழைப்பு. மணிக்கட்டில் இத்தனை விரல் தடம் இருந்தால் நான் எந்தக் கையில் ரத்தம் எடுப்பது? பெண் கொடுக்க மாட்டோம்."

என் அத்தியாயத்துக்கு முந்நூறு விருப்பம் விழுந்தால் இதற்கு எண்ணூறு விழும். எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் அத்தியாயம் வெளியான நிமிடமே முதலில் திறக்கிறவளும் அவள்தான். மதிய இடைவேளையில் தாஅமிய்யா வடை வைத்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்க மறந்து, "பாவி, மறுபடியும் கதவைப் பூட்டிட்டான்டி" என்று என்னிடமே வந்து புலம்புவாள். அவள் முகம் சிவந்திருக்கும். அந்த முகம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன மாதம் ஷவ்கி என்பவர் என் மேசைக்கு வந்தார். பாசனத் துறையில் எழுத்தர், மனைவியை இழந்தவர், ஐம்பது வயது. மூன்று வருடமாக மாதா மாதம் சர்க்கரைப் பரிசோதனைக்கு வருகிறவர். தொண்டையைச் செருமிவிட்டு, "ரவ்ஹியாம்மாவைப் பொண்ணு கேக்கணும்னா யார்கிட்ட கேக்கணும்?" என்றார். கேட்க வேண்டிய அப்பா இல்லை, அண்ணன் குவைத்தில். விஷயத்தைச் சொன்னபோது ரவ்ஹியா கையுறையைக் கழற்றவே நேரம் எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு வந்தவரப் பத்தி நானே எப்படிடி விசாரிக்கப் போறது? நீ போ. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்" என்றாள்.

இதுவரை ஏழு பேரை வேண்டாம் என்றவள். இதுவும் போனால் இன்னொன்று வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அவள் தனியாகப் படியேறி, தனியாகக் கதவைத் திறப்பது இன்னும் எத்தனை வருடமோ.

ஷவ்கியின் தெருவில் இஸ்திரி போடுகிற தஸூக்கி பெரியவரிடம் போனேன். கிழவர் வாயில் நீர் வைத்துத் துணியில் ஊதிவிட்டு, "அவரப் பத்திச் சொல்ல என்னம்மா இருக்கு? வருவாரு, ஸலாம் சொல்லுவாரு, துணிய வாங்கிட்டுப் போவாரு" என்றார். தோண்டித் தோண்டிக் கேட்டதில் ஒரு சின்னச் சங்கதி வந்தது. ஒரு பழைய சட்டைச் சமாசாரம். எனக்கு உதட்டைப் பிதுக்கத்தான் தோன்றியது. ஜாஸிருக்காக முகம் சிவக்கிறவளிடம் இதைப் போய்ச் சொன்னால் கொட்டாவி விடுவாளே.

அங்கேதான் பனித்துளி உள்ளே புகுந்தாள்.

மறுநாள் மதியம் ரவ்ஹியாவிடம் சொன்னேன். "ஆளப் பாத்தா சாதுடி. ஆனா ஆத்தங்கரைல ஒரு பொண்ண மூணு தடியனுங்க கிண்டல் பண்ணிருக்கானுங்க. மூணு பேரையும் தூக்கிப் போட்டு மிதிச்சாராம். அந்தக் கோபத்தப் பாத்துத் தெருவே நடுங்குச்சாம்."

ரவ்ஹியா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள்.

"வேண்டாம்னு சொல்லிடு."

"ஏன்டி? ஒரு பொண்ணுக்காகத்தானே அடிச்சாரு?"

"இன்னிக்குப் பொண்ணுக்காக அடிச்ச கை, நாளைக்குப் பொண்ண அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சும்மா ஒருத்தன அதட்டி அனுப்பிருந்தா சரி. தெருவே நடுங்குற ஆளோட நான் ஒரு வீட்டுக்குள்ள எப்படி இருப்பேன்?" குரல் உடைந்துவிட்டது. "இவரு அப்படி இல்லன்னு நெனச்சேன். மூணு வருஷமா நெனச்சுட்டிருந்தேன்."

மூணு வருஷமா. அந்த நல்ல மனிதரை என் கையாலேயே ஜாஸிராக்கி, அவள் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டேன்.

"பொய்டி. அவரு யாரையும் அடிக்கல. நான்தான் கதை கட்டினேன்" என்றேன். "அந்தத் தொடர்கதையும் நான்தான் எழுதுறேன். பனித்துளி நான்தான்."

"அது தெரியும். பரிசோதனை முடிவு வர எத்தனை மணி நேரமாகும்னு மருத்துவரே தப்பாச் சொல்லுவாரு. அந்தக் கதைல வர்ற ஆஸ்பத்திரி சீன்ல மட்டும் ஒருநாளும் தப்பு வந்ததில்ல. நம்ம கூடத்து ஆளுதான் எழுதுறான்னு எப்பவோ புரிஞ்சுடுச்சு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கதைல என்ன வேணா எழுதிக்கோ, நானும் படிப்பேன். விசாரிச்சுட்டு வந்து ஏன்டி பொய் சொன்ன?"

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லடி. உனக்கு அலுப்பா இருக்கும்னு பயந்தேன்."

"இஸ்திரிக்காரரு ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னாரு, ஒரு சட்டைக் கதை. ஜூலைல ஒரு நாள் ஷவ்கியோட ஆபீஸ் சட்டைய முதுகுப் பக்கம் கருக்கிட்டாராம். கடை இப்போ கிழவரோட மகன் கைல. அவனுக்குத் தெரிஞ்சா, கண்ணு தெரியலன்னு அப்பாவ வீட்டுல உக்கார வெச்சிருப்பான். ஷவ்கி பேசாம அந்தச் சட்டையவே போட்டு, மேல கோட்டு மாட்டிட்டு ஆபீஸ் போயிட்டாராம். சாயந்தரம் கடைக்கு வந்து, 'யாரும் பாக்கல, பையன்கிட்ட சொல்லிடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாராம். அவ்வளவுதான்."

ரவ்ஹியா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜூலையிலயா?"

"ஆமா."

"அந்த வெயில்ல நாள் முழுக்கக் கோட்டோடவா?"

"கிழவரு அப்படித்தான் சொன்னாரு."

அவள் எழுந்து கண்ணாடி முன்னால் போய் முக்காட்டைச் சரிசெய்தாள். முகம் சிவந்திருந்தது. ஜாஸிருக்கு ஒருநாளும் அவ்வளவு சிவந்ததில்லை.

"அவரு நம்பர் உன்கிட்ட இருக்குல்ல? வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? இப்பவே பேசு" என்றாள்.