கண்காட்சியில் நிரம்பிய ஜீப்

பதினொரு மணிக்கு என் ஜீப்பில் இருந்தவர்கள்: முன்சீட்டில் ரேஷன் கடையில் எடை போடுகிறவர் ஒருவர். அவர் பக்கத்தில் சத்துணவு சமைக்கிற அம்மா ஒருவர். பின்னால் புளி விற்க வந்த பெண்கள் ஐந்து பேர். ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு திரும்புகிற புருஷன், பெண்டாட்டி. மடியில் பைபிள் வைத்திருந்த உபதேசியார் ஒருவர். மோட்டாருக்கு பெல்ட் வாங்க வந்தவர்கள் மூன்று பேர். மரவள்ளித் தரகர் ஒருவர். பின்படியில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிக்கிறவர்கள் நான்கு பேர். தரகர் கையில் ஒரு சேவல்.

வண்டி எங்கும் போகிற வண்டி இல்லை. கள்ளக்குறிச்சியில் நடந்த பழைய கார் கண்காட்சியில் கயிறு கட்டி நிறுத்தியிருந்தது.

பழைய வண்டி என்றால் எனக்குப் பித்து. படிப்பு ஐந்தாவதோடு நின்றது. ஆனால் சத்தத்தை வைத்தே என்ன வண்டி, எந்தக் காலத்து வண்டி என்று சொல்லுவேன். இந்த ஜீப் முன்பு வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றி ஓடியது. ஓட்டம் நின்று முள்ளுக்குள் கிடந்ததை வாங்கினேன். நான்கு வருசம் அதைச் சரிசெய்தேன். பெண்டாட்டியின் தம்பி வந்து சுற்றிப் பார்த்தான்.

"இது ஜீப்பு இல்ல மாமா. நாலு ஜீப்போட பொணம்," என்றான்.

அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதே பேச்சு. இன்ஜினும் சேசிஸும் ஒரே வண்டியுடையவை. இரண்டு நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதுதான். நான் பார்த்தேன். நான் சொன்னால் எடுபடாது. கண்காட்சி நடுவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தாள் கொடுப்பார் என்றார்கள். அந்தத் தாளுக்காகத்தான் போனேன்.

காலையிலேயே நிறுத்தி, துடைத்து, கயிறு கட்டினேன். பிறகு மற்ற வண்டிகளைப் பார்க்கப் போனேன். கறுப்புக் கார் ஒன்று. முன்னால் கம்பி போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும். அதன் சொந்தக்காரர் எனக்காக ஒரு தடவை சுற்றினார். அந்தச் சத்தத்தில் அரைமணி நேரம் நின்றுவிட்டேன்.

திரும்பி வந்தால் புளிக்காரப் பெண்கள் ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். காலிக் கூடைகள் கயிற்றில் தொங்கின. சந்தைக்கு வந்தவர்கள் மைதானத்துக்குள் புகுந்துதான் பஸ்ஸுக்குப் போவார்கள். ஜீப்பை அவர்களுக்குத் தெரியும்.

இது போகாது என்று சொன்னேன். மூத்தவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"ஆளு ரொம்பலன்னாதானே போவாதும்ப? நாங்க ரொப்பறோம். நீ போயி டீ குடிச்சிட்டு வா."

மலை ஜீப் ஆள் நிரம்பாமல் கிளம்பாது. எப்போது எடுப்பாய் என்று கேட்டால், போகாது என்றுதான் டிரைவர் சொல்லுவான். நானும் அதையேதான் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு தடவை சொன்னேன். தடவைக்கு நாலைந்து பேரைக் கூப்பிட்டு ஏற்றினார்கள். பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

நடுவர் சென்னைக்காரர். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை. பானட்டைத் திறந்து இன்ஜின் நம்பரைப் பார்த்தார். சரி என்று எழுதினார். சேசிஸ் நம்பர் அடியில் இருக்கிறது. செய்தித்தாள் விரித்துப் படுத்தார். பாரத்தில் ஸ்பிரிங் பட்டை தணிந்து வண்டி தரையைத் தொடப் பார்த்தது. தோள்வரைதான் அவரால் உள்ளே போக முடிந்தது.

"மெக்கானிக் வந்துட்டாரு," என்றார் உபதேசியார். எல்லாருக்கும் நிம்மதி. மலை வண்டி கிளம்புமுன் ஒருவர் அடியில் படுப்பது வழக்கம்தான்.

மூத்தவள் குனிந்து, "இன்னாப்பா, ஜாஸ்தி வேலையா? கொழந்த வெயில்ல கீது," என்றாள்.

நடுவர் எழுந்து, எல்லாரையும் இறங்கச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. இறங்கினால் இடம் போய்விடும். என்னைச் சொல்லச் சொன்னார். போகாது என்றேன். பெயிண்ட் அடிக்கிற நான்கு பேர் ஓடிவந்து பின்படியில் ஏறினார்கள். வண்டி இன்னும் இரண்டு விரல் தணிந்தது.

அவர் தாளை எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு கட்டம் பாக்கி. இருக்கைகள். எனக்கு விவரம் தெரியாமல் விட்டிருந்தேன். எண்ணித்தான் எழுதுவேன் என்றார். என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, விரலை நீட்டி எண்ணிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். குழந்தையை எண்ணுவதா என்று யோசித்தார். அதன் அம்மா எண்ணச் சொன்னாள். சேவலை விட்டுவிட்டார்.

நான் உட்கார்ந்ததும் பின்னால் தகரத்தைத் தட்டினார்கள். "ரைட், போலாம்." சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்தது. நடுவர் கையெழுத்துப் போட்ட தாளைச் சன்னல் வழியாகக் கொடுத்தார். கயிறும் கூடைகளும் கூடவே வந்தன. வடக்கனந்தல் தாண்டி, மலையேறி, வெள்ளிமலையில் எல்லாரையும் இறக்கினேன்.

மறுநாள் மச்சான் வந்து தாளைக் கேட்டான். சத்தமாகப் படித்தான். இன்ஜின் நம்பர், சரி. சேசிஸ் நம்பர், பார்க்க முடியவில்லை. அடுத்த வரியில் நின்றான். இரண்டு தடவை பார்த்தான்.

"ஒரு ஜீப்புக்கு அஞ்சு சீட்டு மாமா," என்றான். நான்கு விரலை நீட்டினான்.

தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். நடுவர் கையெழுத்துக்கு மேலே எழுதியிருந்தது.

இருபது.