மிளகு ஏணியின் அடியில் நின்றவர்

ஏற்காடு என்றதும் ஏரிப் படகு, லேடீஸ் சீட், பக்கோடா முனை என்று எதிர்பார்த்து இந்தப் பதிவைத் திறந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். போன பிப்ரவரியில் நானும் என் மனைவி செல்வியும் அந்த மலைக்குப் போனோம். இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் போனது ஒரு மனிதரைப் பார்க்க.

கதை என் கொல்லிமலைப் பதிவில் தொடங்கியது. அதன் கீழே ஒருவர், "உங்கள் இடது மணிக்கட்டு இப்போது எப்படி இருக்கிறது?" என்று எழுதியிருந்தார். நான் மணிக்கட்டைப் பற்றி எங்கும் எழுதியதே இல்லை. அது உடைந்தது இருபது வருடத்துக்கு முன்பு. சேலம் பக்கத்தில் எங்கள் ஊரில், மேல் சாதித் தெருவில் என் புது பைக்கை இறங்கித் தள்ளாமல் ஓட்டிக்கொண்டு போனேன். ஆறு பேர் இரும்புக் குழாயோடு வந்தார்கள். தலையைக் காக்கக் கையை உயர்த்தினேன், தலை தப்பியது. ஆறு பேரும் ஜெயிலுக்குப் போனார்கள். கேள்வி கேட்டவர் அவர்களில் ஒருவர், சுந்தரம்.

பதில் போட எனக்கு மூன்று மாதம் ஆனது. முதல் மாதம் முழுக்கக் கோபம்தான். அப்புறம் போனில் பேசினோம். மாரமங்கலத்தில் ஒரு எஸ்டேட்டில் மிளகு பறிப்பதாகச் சொன்னார். அறுவடைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். வேண்டாம் என்றால் இனி எழுதவே மாட்டேன் என்றும் சொன்னார். போவதா வேண்டாமா என்று நான் இரண்டு வாரம் புலம்பியதில் சலித்துப்போய் செல்வியே ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

காலை 6.10க்குச் சேலம். பஸ் ஸ்டாண்டில் ஏழு மணி ஏற்காடு பஸ் கிடைத்தது. அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள், எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். முப்பது கிலோமீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறினோம். பஸ் நிற்கும் இடத்தருகே டீ பதினைந்து ரூபாய், சூடான மிளகாய் பஜ்ஜி நான்கு நாற்பது ரூபாய். செல்வி தனியாக நான்கு சாப்பிட்டாள் என்பதை வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன்.

9.15க்கு மாரமங்கலம் பஸ். எங்கே போகிறோம் என்று கண்டக்டர் விசாரித்தார். மிளகு பறிப்பதைப் பார்க்க என்றேன். "பாக்கறதோட நிறுத்திக்கோங்க. ஏணி நொம்பப் பொல்லாதுங்க," என்றார். நல்ல மனிதர். பேச்சைக் கேட்டிருக்கலாம்.

நிறுத்தத்தில் சுந்தரம் காத்திருந்தார். நரைத்த தாடி, எஸ்டேட் தொப்பி. நான் நினைவில் வைத்திருந்த ஆளைவிட ஒரு சாண் குட்டை. "வாங்க. ஊடு பக்கந்தானுங்க, காப்பி குடிச்சுட்டுப் போலாம்," என்றார். அன்று இதே வாய் என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிட்டது. அந்த 'வாங்க' காதில் விழுந்ததும் நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். செல்வி என் முதுகில் லேசாகத் தட்டினாள்.

காப்பி குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனோம். உயரமான சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். ஏணி என்பது ஒற்றை மூங்கில், கணுவில் விட்டுவைத்த கட்டைகள்தான் படி. மேலே போனவர் நுனியைக் கயிற்றால் மரத்தோடு கட்டும்வரை கீழே பிடித்திருப்பவர் கைதான் கட்டு; கட்டிய பிறகும் அடி சறுக்கலாம். அதனால் மேலே ஆள் இருக்கும்போது கீழே நிற்பவர் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கையை எடுக்கக் கூடாது. அது இங்கே சட்டம்.

அந்தச் சட்டம்தான் தன்னை மாற்றியது என்றார் சுந்தரம். ஜெயிலிலிருந்து வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவருக்கு ஏணி பிடித்தவர் என் சாதிக்காரர். "என் கேஸு அவருக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுந்தான் புடிச்சாரு. சாயந்தரம் வரைக்கும் கைய எடுக்கலைங்க. அன்னைக்குத்தான் எனக்கு நான் செஞ்சது உறைச்சுது."

எனக்கு என்ன தோன்றியதோ, நான் ஏறுகிறேன், நீங்கள் பிடியுங்கள் என்றேன். செல்வி முறைத்தாள். ஷூவைக் கழற்றிவிட்டு, சரியாக மடங்காத மணிக்கட்டோடு எட்டுப் படி ஏறினேன். முதல் மிளகுச் சரத்தைக் கிள்ளிய பெருமையில் கீழே பார்த்தேன். சுந்தரம் அழுதுகொண்டிருந்தார். "என்னைய மன்னிச்சுருங்க," என்று சொல்லி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

மூங்கில் சறுக்கியது. நான் கொடியோடு சேர்த்து மரத்தைக் கட்டிக்கொண்டேன்.

"யோவ், கும்பிடாதீங்க, ஏணியப் புடிங்க," என்று கத்தினேன்.

அவர் பாய்ந்து பிடித்தார். சட்டை முழுக்க எறும்போடு இறங்கினேன். செல்விதான் முதலில் சிரித்தாள், அப்புறம் நான். இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு தப்பு செய்ததே இல்லை என்று அவர் தலையில் அடித்துக்கொண்டே சிரித்தார்.

பிறகு அவரை ஏறச்சொல்லி நான் ஏணியைப் பிடித்தேன். ஒரு மணி நேரம், மூன்று மரம். என் கையைக் குனிந்து பார்த்துவிட்டு, வலிக்கிறதா என்று மேலேயிருந்து கேட்டார். வலிக்கிறது, நீங்கள் பறியுங்கள் என்றேன்.

மதியம் இரண்டரைக்குக் கிளம்பி, வாடகை ஜீப்பில் குப்பனூர் வழியாக இறங்கினோம், 1,800 ரூபாய். கூட்டம் குறைவு, பாதை குறுகல், பகலிலேயே இறங்கிவிடுங்கள். மிளகுக்கு ஜனவரி முதல் மார்ச்வரை போகலாம். தோட்டக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை அவசியம், எறும்புகளுக்கு இரக்கம் கிடையாது.

மன்னித்துவிட்டாயா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு எந்த இரக்கமும் வரவில்லை, வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சுந்தரத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல முடியும். அன்று அவர் மூன்றாவது மரத்தின் உச்சியில் இருந்தபோது என் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. நான் கையை எடுக்கவில்லை.