காம்புக்கு வா என்றான்

ஊரில் சண்டை முடிந்த கிழமை, டென்மார்க் அகதிகளான எங்களைத் திருப்பி அனுப்பிவிடும் என்று முட்டாள்தனமாக நம்பினேன். ஓகூஸ் நகரத்திலிருந்த கூட்டாளி தொலைபேசியில், “குடும்பத்தோட காம்புக்கு வா, நல்ல இடமாப் பதிஞ்சிட்டன்” என்றான். வந்த புதிதில் அகதி முகாமைத்தான் நாங்கள் காம்ப் என்போம். இவனே காட்டிக்கொடுத்துவிட்டான் என்று பதறி, விசாக் கடிதங்களையும் கம்பளிச் சட்டைகளையும் பையில் அடைத்தேன்.

“விசரே உங்களுக்கு? அது லீவுக்குப் போய்க் கூடாரம் அடிக்கிற காம்பிங் அப்பா” என்று மனைவி சிரித்தாள்.

சனிக்கிழமை போனோம். கடலைப் பார்த்தபடி அவனுடைய கேரவன் நின்றது. எங்கள் கூடாரத்துக்கு இடம் கழிப்பறைக்குப் பின்னால்.

“என்னடா இது?”

“பயந்த ஆளுக்கு இது கிட்ட இருந்தால் நல்லதெல்லோ!”

நான் பதறிய கதையை மனைவி அன்றே அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். எங்களுக்குக் கடற்கரையில் பதிந்திருந்த இடத்தை அதற்குப் பிறகுதான் அவன் மாற்றினான்.