சர்ச் படமும் என் சிவப்புப் பேனாவும்

2006 வாக்கில் நடந்தது. புதுச்சேரி தட்டாஞ்சாவடியில், வெளிநாட்டுப் பாடப் புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்யும் ஒரு கம்பெனியில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். தப்புக் கண்டுபிடிப்பதில் நான்தான் புலி என்று திமிர் வேறு.

அன்று வந்தது அமெரிக்க வரலாறு. அலமோ என்ற இடத்தில் ஸ்பெயின் பாதிரியார்கள் மதம் பரப்பக் கட்டிய தேவாலயம் என்றது ஒரு பக்கம். மறு பக்கத்தில் அதே அலமோ ராணுவக் கோட்டை! பீரங்கி, சண்டை, சாவு. கோட்டை பற்றிய வரிகளுக்குப் பக்கத்தில் இருந்த படமோ சர்ச். நாலு தடவை படித்தேன், தலை சுற்றியதுதான் மிச்சம். பூசை நடக்கிற இடத்தில் பீரங்கிக்கு என்ன வேலை?

படம் மாறிவிட்டது என்று முடிவு கட்டினேன். அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் அமைத்தவள் பிள்ளைச்சாவடியிலிருந்து வேலைக்கு வரும் பெண். அவள் பெயரில் ஏற்கெனவே இரண்டு தப்பு. மூன்றாவது விழுந்தால் வேலை போய்விடும்.

"பப்ளிஷர் அனுப்புன படமே இதான்க்கா," என்றாள்.

"கோட்டைக்கு யாராவது சர்ச் படம் வெப்பாங்களா? கண்ண எங்க வெச்சிக்கினு வேலை செய்யற?" என்று கத்திவிட்டு, தப்புச் சீட்டில் சிவப்புப் பேனாவால் அவள் பெயரை எழுதி மேலாளர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

நெல்லித்தோப்பில் நான் ஏறிய டெம்போ நின்றது. "தியேட்டர் ஸ்டாப்பு எறங்குங்க!" என்றார் டிரைவர். பக்கத்தில் இருந்த வெளியூர் அம்மா எட்டிப் பார்த்து, "தியேட்டர் எங்கம்மா? கல்யாண மண்டபம்தான தெரியுது?" என்றார்.

"தியேட்டர மூடி எத்தினியோ வருசமாச்சிம்மா. அதே கட்டடத்ததான் மண்டபமா ஆக்கிட்டாங்க. நாங்க இன்னும் தியேட்டர்னுதான் சொல்லுவோம்."

சொல்லிக்கொண்டே இறங்கியவள், அடக் கடவுளே என்று அப்படியே நின்றுவிட்டேன். பாதிரியார்கள் போன பிறகு அதே அலமோ தேவாலயத்தில் படை வந்து தங்கியிருக்கிறது! பாடத்திலேயே அப்படி ஒரு வரி இருந்தது. என் மண்டையில்தான் ஏறவில்லை.

எதிரே வந்த டெம்போவில் தொற்றிக்கொண்டு திரும்பினேன். மேலாளர் கையில் சீட்டு. எதிரில் அவள் அழுதுகொண்டு நின்றாள். "சார், தப்பு என்னுது," என்றேன். அவர் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

வெளியே வந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அது சர்ச்சாக்கா, கோட்டையாக்கா?" என்றாள்.

"ரெண்டுந்தான்டி. எனக்கே இன்னும் கொழப்பமாதான் இருக்கு," என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

இன்றைக்கும் ஏதாவது புரியாவிட்டால், அடுத்தவர் பெயரை எழுதத்தான் என் கை முதலில் துடிக்கிறது. அவளுடைய அழுத முகம் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது.