கட்டின் அடியில் விக்டர்

மகள் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு வட்டத்துக்குள் ஓர் எண். ஓரத்திலும் பின்பக்கத்திலும் ஒரு சொல்கூட இல்லை. தாள் வேறு அப்படியொரு வெள்ளை.

எங்கள் ராயபுரத்தில் எந்தத் தாளும் இத்தனை வெள்ளையாக இருந்ததில்லை. பேசின் பிரிட்ஜ் பவர்ஹவுஸ் கரி ஜன்னல் வழியே வந்து மேஜையில் உட்காரும். திருத்திவிட்டு முகத்தைத் துடைத்தால் எனக்கு மீசை கறுத்திருக்கும். மாணவர்களைவிடச் சிறியவனாகத் தெரிந்த எனக்கு அது உதவியாகவும் இருந்தது என்று வையுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். நான் அங்கே கல்லூரியில் பொருளாதார டியூட்டர். சணல் கயிறு கட்டிய விடைத்தாள் கட்டு கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே பஸ்ஸில் என் மடியேறி வீட்டுக்கு வரும். ஆங்கில அகர வரிசைப்படி அடுக்கியிருப்பதால் விக்டர் எப்போதும் அடியில். அவனிடம் போய்ச் சேரும்போது கண் எரியும். மார்க்கைப் போட்டுக் கட்டை முடிப்பேன்.

ஒரு நாள் வராந்தாவில் மறித்தான்.

"போன வாட்டியும் ஃபெயிலு, இந்த வாட்டியும் ஃபெயிலு. எங்க தப்புன்னு ஒரு வார்த்த எழுதக் கூடாதா சார்? பெரிய பரிச்சையும் புட்டுக்கிச்சுன்னா நைனா ஆர்பர் வேலைக்கு இட்டுனு பூடுவாரு."

கூட வேலை பார்த்த லூர்து, ஆர்பரில், அதாவது துறைமுகத்தில், மூட்டை இறக்குகிற குடும்பத்துப் பிள்ளை, டீக்கடையில் வழி சொன்னான்.

"கப்பல்ல ஒருத்தனே தூக்கி, எறக்கி, அடுக்கிகினா கீறான்? ஆளுக்கு ஒரு வேல மாமு."

ஆளுக்கு ஒரு கேள்வி. நாலு பேர், ஒரே மேஜை. மிச்சமாகும் நேரத்தில் ஒவ்வொரு தாளையும் யாராவது ஒருவர் முழுசாகப் படித்து, அடியில் ஒரு வரி எழுதுவது.

வேலை பறந்தது. அந்த ஒரு வரிக்காகப் பேனாவைத் திறந்தபோது துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"அதுக்குள்ள முடிச்சாச்சா! அப்ப இதையும் பாத்துடுங்க."

பி.யூ.சி. வகுப்பின் விடைத்தாள் கட்டு விழுந்த வேகத்தில் மேஜையில் கரி கிளம்பியது.

"ரிமார்க் எழுதணும் சார்..."

"மார்க்குதான்யா ரிமார்க்."

எங்கள் கட்டு பீரோவுக்குள் போய்விட்டது. சாவி அவர் இடுப்பில்.

மறுபடியும் ஃபெயிலான விக்டர், எங்கே தப்பு என்று கேட்டு வந்தான். எனக்கு அவனுடைய இரண்டாம் கேள்வி மட்டுமே தெரியும். அதை நன்றாகவே எழுதியிருந்தான். லூர்துவிடம் அனுப்பினேன். லூர்து அடுத்தவரிடம், அவர் அதற்கடுத்தவரிடம். கடைசி ஆள் அவனைத் திரும்ப என்னிடமே அனுப்பினார்.

"இன்னா சார், நாலு பேரு திருத்திகீறீங்க. ஒருத்தரும் என்னப் படிக்கலியா?"

பெரிய பரீட்சையும் போயிற்று. அவனை ஆர்பர் எடுத்துக்கொண்டது.

இன்று பவர்ஹவுஸ் கரி ஓய்ந்துவிட்டது. அந்த மேஜையும் இல்லை, டீக்கடையும் இல்லை. வராந்தாவில் மறிக்க விக்டர்களும் இல்லை போலும்.

"யாரும்மா திருத்தினது?" என்றேன் மகளிடம்.

"ஆளுக்கு ஒரு கேள்விப்பா."

எங்கள் யோசனை பிழைத்துக் கிடக்கிறது, அந்த ஒரு வரியைத் தொலைத்துவிட்டு.

"எங்க தப்புன்னு கேட்டியா?"

அவள் சிரித்தாள்.

"யாரப் போய்ப்பா கேக்கறது?"