வந்திருந்த முத்துச்செல்வி

காலை ஒன்பது இருபது. ராஜபாளையத்துப் பள்ளி ஒன்றில் முதலில் என் கண்ணில் பட்டது, வகுப்பறை வாசலில் கிடந்த ஒரு ஜோடி செருப்பு. அதில் வயல் சேறு இன்னும் காயவில்லை.

அந்தச் செருப்புக்குரியவள் அன்று பள்ளிக்கே வரவில்லை என்று எழுதியவன் நான்.

பல நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே தேர்வு வைத்து, எந்த நாட்டில் ஏழைப் பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்று ஒப்பிடுகிறார்கள் அல்லவா? அந்தத் தேர்வுக்குத்தான், பத்திரிகை வேலையை விட்டபின், மேற்பார்வையாளனாகப் போயிருந்தேன். யார் எழுதுவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் முத்துச்செல்வியின் பெயர் விழுந்திருந்தது. பதினைந்து வயதிலும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள்.

மதிப்பெண் குறையும் பள்ளிக்கு வாசிப்பு சொல்லித்தரத் தனி ஆசிரியர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் மதிப்பெண் குறைந்தால் பள்ளிக்குக் கெட்ட பெயர்; வராத பிள்ளையோ கணக்கில் சேராது. தலைமையாசிரியருக்கு இது தெரியும். எனக்கும்.

"ஏட்டி செல்வி, சாருக்குப் பால்கோவா வாங்கிட்டு வா. இங்க வேண்டாம், வில்லிபுத்தூருக்கே போ" என்றார் அவர்.

"பரீச்சை இருக்கே சார்..."

"நீ இல்லாம கொஸ்டின் பேப்பர் அழுதுருமா? செத்த நேரத்துல வந்துரலாம், போ."

வகுப்பு சிரித்தது. அவள் என்னைப் பார்த்தாள். "நான் வாரதுக்குள்ள ஆரம்பிச்சிராதீய சார்."

நான் என்ன செய்தேன்? தலையசைத்தேன்!

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று இந்த ஊர்க்காரனுக்குத் தெரியாதா... தலைமையாசிரியரைப் பகைத்தால் அடுத்த வேலை கிடைக்காதோ என்ற பயம். கதவைச் சாத்தினேன்.

தேர்வு பாதியில், ஜன்னலுக்கு வெளியே மூச்சிரைக்க நின்றாள். பொட்டலத்தை உயர்த்திக் காட்டினாள்.

"பஸ் ஸ்டாண்டுலருந்து ஓட்டமா ஓடியாரேன் சார்..."

தாமதமாக வந்தவரை அனுமதிக்க விதி இல்லை என்றேன். விதி! எவ்வளவு வசதியான சொல்!

பால்கோவாவை வீட்டுக்கு எடுத்துப் போனேன். பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

பள்ளி நன்றாகத் தேறியது. தனி ஆசிரியர் வரவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடைவெளி குறைகிறது என்று அறிக்கை வந்தபோது, என் பழைய பத்திரிகைக்கு அதைப் பாராட்டிக் கட்டுரை கொடுத்தவனும் நானே.

ஒரு பிள்ளையால் உலகக் கணக்கு மாறிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். கதவைச் சாத்தும்போது நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன்... ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவன் அப்படிக் கேட்டிருந்தால்?

முத்துச்செல்வி பத்தாம் வகுப்பில் தேறவில்லை. இப்போது மில்லுக்குப் போகிறாள். மில் வேன் காலை ஆறு மணிக்குச் சேத்தூர் வரும்.