தங்கராஜு மாத்திரையை விட்ட ஐந்து நாள்

12.9.2024 — 25 மி.கி.
19.9.2024 — 50 மி.கி.
26.12.2024 — 0
31.12.2024 — 25 மி.கி.
7.1.2025 — 50 மி.கி.

இவை ஒரே மனிதர் நாளொன்றுக்கு விழுங்கிய மருந்தின் அளவுகள். பெயர் தங்கராஜு, வயது நாற்பத்தேழு, தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். எங்கள் அடுக்குமாடியில் எனக்கு இரண்டு மாடி மேலே மனைவி லோகேஸ்வரியோடு இருக்கிறார். நான் துறைமுகக் கிடங்கில் இருப்புக் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன். நடுவில் நிற்கும் அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்பதை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

தங்கராஜு பிறந்தது நிபோங் திபாலுக்குப் பக்கத்தில், பைராம் தோட்டத்தில். அப்பா டிராக்டர் ஓட்டினார். மகன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் கை பழகி, 2005இல் தீவுக்கு வந்து பஸ்ஸில் உட்கார்ந்தார். விடியுமுன் காலி பஸ்ஸோடு கடல் மேல் நீளும் பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் ஜுரு பக்கம் போவார். அங்கே முப்பத்தெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மறுபடி பாலத்தைக் கடந்து, தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இறக்குவார். புறப்படுமுன் பழைய நாளிதழைத் தண்ணீரில் நனைத்து பஸ்ஸின் கண்ணாடிகளைத் துடைப்பார். முன்பக்கம் பார்க்க எல்லாருக்கும் தெரியும், பக்கத்தையும் பின்னாலும் பார்க்கத் தெரிந்தவன்தான் டிரைவர் என்பார்.

2024 ஆகஸ்டு 5, திங்கட்கிழமை காலை, ஆட்களோடு வரும்போது பாலத்தின் மேட்டில் அவருக்கு நெஞ்சை அடைத்தது. விரல்கள் மரத்தன. செத்துப்போகிறோம் என்று நினைத்தாராம். பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு பாலத்தை நினைத்தாலே அதே அடைப்பு வந்தது. கம்பெனி அவரைப் பாலத்திலிருந்து எடுத்து, தீவுக்குள்ளேயே ஓடும் சின்ன பஸ்ஸில் போட்டது. ஆறு மாதம் ஒரு புகாரும் இல்லாமல் இருந்து, டாக்டர் கடிதமும் கொடுத்தால் பாலம் திரும்பக் கிடைக்கும். இதைச் சொல்லி செப்டம்பரில் கம்பெனியிலிருந்து வந்ததுதான் முதல் கடிதம்.

சம்பளம் கொஞ்சம் குறைந்ததைப் பற்றி அவர் பேசியதில்லை. "பாலத்துக்குப் பயந்தவன்னு என் பேரு முடிஞ்சிடக் கூடாது அங்கிள்," என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமைகளில் ரத்த அழுத்த மாத்திரைக்காக அரசாங்கக் கிளினிக்குக்கு நான் போவதுண்டு. செப்டம்பர் 12 அன்று அவரும் கூட வந்தார். டாக்டர் அதைப் பதற்றக் கோளாறு என்றார். எழுதிய மருந்தின் பெயர் செர்ட்ராலின்.

மருந்து கவுண்டரில் இருந்தவர் காமாரியா. தமிழ் முஸ்லிம் பெண், முப்பது வயதிருக்கும். மலாயில் ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"வேற என்ன மாத்திரை போடுறீங்கண்ணே?"

"ஒண்ணும் இல்ல மிஸ்."

"யாராச்சும் குடுத்ததுகூட?"

தங்கராஜு என்னைப் பார்த்தார். பிறகு, "பஸ்ல பின்சீட்டு அக்கா ஒருத்தங்க, அவங்க மாமியாரோட படபடப்பு மாத்திரை ரெண்டு குடுத்தாங்க. ஒண்ணு போட்டேன். கை நடுக்கம் நின்னுச்சு. ஆனா ராத்திரி மூச்சு இழுத்துச்சு," என்றார்.

"வீசிங் இருக்கா உங்களுக்கு?"

"சின்ன வயசுலேர்ந்து. பம்ப் வெச்சிருக்கேன்."

காமாரியா பேனாவைக் கீழே வைத்தார். "அது மாமியாருக்கு நல்ல மருந்துதான். வீசிங் உள்ளவங்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கிடும். இன்னொண்ணு வீட்டுல இருந்தா இங்க கொண்டாந்து குடுத்துருங்க. அந்த அக்காகிட்ட, பஸ்ல கிளினிக் நடத்த வேணாம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

எனக்கு ஒரு சந்தேகம். இந்த செர்ட்ராலின் வேலை செய்ய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்று உறையில் எழுதிக் கொடுத்திருந்தார். தலைவலி மாத்திரை அரை மணியில் கேட்கிறதே, பயத்துக்கு மட்டும் ஏன் இத்தனை வாரம்?

"உடனே கேட்கிறதும் இருக்கு அங்கிள். பயம் சீக்கிரம் அடங்கும், கூடவே தூக்கம் வரும், கை கால் மந்தமாயிடும். அதைப் போட்டுட்டு பஸ் ஓட்டக் கூடாது. பீரோட சேர்ந்தா மூச்சே குறைஞ்சிடும். தொடர்ந்து போட்டா உடம்பு அதையே கேட்கும். இவரு டிரைவர்னுதான் டாக்டர் அதை எழுதல. இது மெதுவா மூளையைப் பழக்குற மருந்து. முதல் ரெண்டு வாரம் வயித்தைப் புரட்டும், பதற்றம்கூட கொஞ்சம் ஏறின மாதிரி இருக்கும். மனசு ரொம்பக் கெட்டுப் போச்சுன்னா காத்திருக்காம உடனே வரணும். நல்லாயிட்டாலும் நீங்களா நிறுத்தக் கூடாது."

அவர் சொன்னபடியே நடந்தது. முதல் பத்து நாள் தங்கராஜு காலைப் பசியாறலைத் தொடவில்லை. அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லோகேஸ்வரியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து ஜுருவுக்குப் போய்த் திரும்பினார். கீழே என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "போயிட்டு வந்துட்டேன் அங்கிள்!" என்றார்.

"அவரு இடுப்பை நான் இறுக்கிப் பிடிச்சிருந்தேன். இல்லாட்டி கடல்ல குதிச்சு ஓடியிருப்பாரு," என்றார் லோகேஸ்வரி.

டிசம்பர் 30 மாலை அவரே என் கதவைத் தட்டினார். உட்காரவில்லை.

"கண்ணுக்குள்ள மின்னல் அடிக்குது அங்கிள். கரண்டு தொட்ட மாதிரி, ஒரு நொடி. அப்புறம் தலை சுத்துது."

எப்போது என்று கேட்டேன். யோசித்தார். தாழ்வாரத்தில் நடந்து காட்டச் சொன்னேன். நேராகப் பார்த்து நடந்தபோது ஒன்றுமில்லை. கண்ணை வலது பக்கம் திருப்பியதும் நின்று சுவரைப் பிடித்தார். இடது பக்கம் திருப்பியதும் அப்படியே. அவருக்கே அப்போதுதான் புரிந்தது. காலையில் பஸ்ஸில் பக்கக் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் வந்திருக்கிறது. தொழிற்சாலை வாசலில் ஆட்களை இறக்கியதும் சாவியை இன்னொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது காமாரியா எங்களைக் கண்டு அருகில் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எப்ப நிறுத்துனீங்க?"

தங்கராஜு தரையைப் பார்த்தார். "வியாழக்கிழமை. விரதம் ஆரம்பிச்ச அன்னிக்கு."

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார், பயம் போகவேண்டும் என்று. பயமும் போயிருந்தது. நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் கறி, பீர், சிகரெட், மெத்தை எல்லாவற்றையும் விட்டவர், மாத்திரையையும் அந்தக் கணக்கில் சேர்த்து விட்டுவிட்டார்.

"வேண்டுதலை வெச்சிட்டு மாத்திரையும் போட்டா, முருகனை நம்பாத மாதிரி இருந்துச்சு மிஸ்."

காமாரியா சிரிக்கவில்லை. "எங்க அத்தாவும் நோன்பு மாசத்துல இதையேதான் செஞ்சாங்க. பகல்ல முழுங்கக் கூடாதுன்னு ஒரு மாசத்துக்கே நிறுத்திட்டாங்க. விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கோ நோன்பு திறந்த பிறகோ போட்டிருக்கலாம், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா. சாமிக்காக விடுறதை எல்லாம் நீங்க கறி மீன்லயே வெச்சுக்குங்கண்ணே."

"இந்த மாத்திரை சைவமா மிஸ்?"

"எங்க ஆளுங்க ஹலாலான்னு கேட்கிறாங்க, நீங்க சைவமான்னு! மருந்துக் கம்பெனித் தாளைப் பார்த்து சொல்றேன், இருங்க."

"விட்ட அஞ்சு நாளையும் சேர்த்து இன்னிக்குப் போட்டுடவா?"

"ஐயோ, வேணாம்! ஒரு வேளை விட்டாலும் அதைச் சேர்த்துப் போடவே கூடாது. எவ்வளவு போடணும்னு டாக்டர் சொல்வாரு. இந்த மின்னல் உங்க பழைய நோய் இல்ல, மாத்திரையைத் திடுதிப்புனு விட்டதால வர்றது. நின்னுடும். நிக்கிற வரைக்கும் பஸ்ஸைத் தொடாதீங்க."

கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் ஏன் வருகிறது என்று கேட்டேன். "அது ஏன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது அங்கிள்," என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

டாக்டர் இருபத்தைந்திலிருந்து மறுபடி தொடங்கினார். ஒரு வாரத்துக்கு விடுப்புச் சீட்டு கொடுத்தார். சீட்டில் காரணம் இல்லை. வெளியே வந்ததும் தங்கராஜு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால், மார்ச்சில் ஆறு மாதம் முடியும். உள்ளதைச் சொன்னால் கணக்கு முதலிலிருந்து. அவர் என் யோசனையைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்று, கம்பெனி மேற்பார்வையாளர் முகம்மது கனிக்குப் போன் செய்தார். கனியின் குரல் எனக்கே கேட்டது.

"தலைசுத்தல்னு சொல்லிட்டுப் படுலா! யாரு உன்னைக் கேட்டா?"

"கண்ணாடியைப் பார்க்க முடியல கனி பாய். பார்த்தா மின்னல் அடிக்குது, பார்க்காட்டி ஓட்ட முடியாது. நானா மாத்திரையை நிறுத்துனேன், அதான்."

"இதை எழுதுனா பாலம் தள்ளிப் போகும், தெரியுமில்ல?"

"தெரியும் பாய்."

"சரி, எழுதுறேன். முட்டாப்பய." போன் நின்றது.

அன்று மாலை லோகேஸ்வரியின் குரல் இரண்டு மாடி இறங்கி வந்தது. "முருகன் என்ன ஃபார்மசியா வெச்சிருக்காரு, உங்க மாத்திரையை எண்ணிக்கிட்டு இருக்க? என்கிட்ட சொல்லாம நிறுத்துனீங்கல்ல, அதுக்கு இருக்கு உங்களுக்கு!" அடுத்த நாளிலிருந்து மாத்திரையை அவரே எடுத்துக் கொடுத்தார், விழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறக்கச் சொல்லியும் பார்த்தார்.

மின்னல் நான்கு நாளில் குறைந்தது. ஜனவரி 8இல் சுத்தமாக இல்லை. அந்த வாரமே கம்பெனியின் இரண்டாவது கடிதம் வந்தது: ஆறு மாதம் ஜனவரியிலிருந்து புதிதாக எண்ணப்படும்.

பிப்ரவரி 11, தைப்பூசம். நான் தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மஞ்சள் வேட்டியில் பால்குடத்தோடு வந்த தங்கராஜு என்னைக் கண்டதும் நாக்கை நீட்டிக் காட்டினார். காலை மாத்திரை உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். பின்னால் வந்த லோகேஸ்வரி அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஜூலையில் டாக்டர் எழுதினார்: மருந்து தொடர்கிறது, அந்த மருந்தால் இவருக்குத் தூக்கக் கலக்கம் இல்லை, இன்னும் சில மாதம் கழித்துக் குறைப்பதானால் படிப்படியாகத்தான் குறைப்போம். கனி அதைத் தானே மேலிடத்துக்கு எடுத்துக்கொண்டு போனதாகக் கேள்வி.

மூன்றாவது கடிதத்தைத் தபால்பெட்டியிலிருந்து எடுத்தவர் லோகேஸ்வரி. பிரிக்கவில்லை. என் வீட்டில் உட்கார்ந்து, கணவர் வேலை முடிந்து வரும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தங்கராஜு வந்து, நின்றபடியே படித்தார். ஆகஸ்டு ஒன்றிலிருந்து பாலம். முதல் இரண்டு வாரம் கூட ஒரு டிரைவர் உட்காருவார். மருந்தின் அளவு மாறினால் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும்.

"பழைய பேப்பர் இருக்கா அங்கிள்? நிறைய வேணும். அந்தப் பாலத்து பஸ்ஸு கண்ணாடியை ஒரு வருஷமா எவன் துடைச்சானோ," என்றார்.

கட்டிக் கொடுத்தேன். மேலே இருந்தது அன்றைய நாளிதழ்: 18.7.2025, வெள்ளிக்கிழமை.